வளர்ப்பு மீனா, இயற்கை மீனா? ஒரே மீனுக்கு இரண்டு நாடுகள் சொன்ன தீர்ப்பு

(கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.)

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். இப்போது சொந்த நிலத்தில் இரண்டு குட்டை வெட்டி விரால் வளர்க்கிறான். வரும்போதே கையில் ஒரு பை. "நம்ம குட்டை மீன் சார். காலையிலதான் புடிச்சேன்" என்று கொடுத்தான்.

வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது.

"வர்றவங்க முதல்ல கேக்குறதே ஏரி மீனா, வளர்ப்பான்னுதான் சார். வளர்ப்புன்னு உண்மையைச் சொன்னா ஒண்ணு விலையைக் குறைக்கிறாங்க, இல்லன்னா மூஞ்சைச் சுளிச்சிட்டுப் போயிடுறாங்க. என்கிட்ட மொத்தமா வாங்கிட்டுப் போற வியாபாரி அதே மீனை ஏரி விரால்னு சொல்லிக் கூடுதல் விலைக்கு விக்கிறார். நானும் பொய் சொன்னாத்தான் பொழைக்க முடியும் போல."

அவனுக்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கோ படித்து மனதில் தங்கிப்போன சால்மன் மீனின் கதை நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். நம் ஊர்ச் சந்தையில் இன்று கேட்கப்படும் கேள்விக்கு அந்தக் கதையில் பாதிப் பதில் இருக்கிறது. அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. நம் கடற்கரையில் கிடைக்கும் காலா மீனைச் சிலர் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்கள். அது வேறு குடும்பம். நான் சொல்லும் சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும்.

அந்தத் திரும்பி வரும் குணமே அதற்கு வினையாகவும் ஆனது. ஐரோப்பாவில் ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் வந்தன, ஆலைக் கழிவு வந்தது, தேம்ஸ் போன்ற ஆறுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே சால்மன் அற்றுப்போனது. மிஞ்சிய ஆறுகளில் கிடைத்தது பணக்காரர் வீட்டு விருந்துக்குத்தான் போனது. அட்லாண்டிக் பக்கம் இந்த நிலை என்றால், பசிபிக் பக்கம் அலாஸ்காவில் இன்னும் கோடிக்கணக்கில் மீன் ஏறி வந்தது. அங்கே மீனவர்களுக்குச் சால்மன் என்பது வயிற்றுப்பாடு மட்டும் இல்லை, அரசியலும்தான். வெளியூர் டின் கம்பெனிகள் ஆற்று முகத்துவாரங்களில் பெரிய பொறிகளை வைத்து மீனை வாரிக்கொண்டு போனதை எதிர்த்த கோபம், அலாஸ்கா தனி மாநிலம் ஆனதற்கு ஒரு முக்கியக் காரணம். 1959இல் மாநிலம் ஆனபோது அந்தப் பொறிகளுக்கும் தடை வந்தது.

இப்போது நார்வேக்குப் போவோம். 1970. ஹித்ரா என்ற தீவில் குரோன்ட்வெட் என்ற குடும்பப் பெயருடைய இரண்டு சகோதரர்கள், ஓவே, சீவெர்ட். கடலில் மிதக்கும் எண்கோணக் கூண்டு ஒன்றைச் செய்து அதில் சுமார் 20,000 சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். கூண்டில் சால்மனை வளர்த்து லாபம் பார்க்க முடியும் என்று முதலில் காட்டியவர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். அதே காலத்தில் ஷெர்வோல், யெத்ரெம் என்ற இரண்டு விஞ்ஞானிகள், மாடுகளையும் ஆடுகளையும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கும் முறையை மீனுக்குக் கொண்டுவந்தார்கள். நார்வேயின் ஏறத்தாழ 40 ஆறுகளிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, வேகமாக வளரும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். கோழிக்கும் கறவை மாட்டுக்கும் நடந்தது மீனுக்கும் நடந்தது.

விளைவு? 1990 வாக்கில் நார்வே ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் டன் வளர்ப்பு சால்மன் எடுத்தது. ஆனால் அவ்வளவையும் வாங்க ஆள் இல்லை. விலை விழுந்தது. மீனை உறைய வைத்துக் கிடங்குகளில் அடுக்கினார்கள். 1991இல் வளர்ப்பாளர்களின் விற்பனைச் சங்கமே திவால் ஆனது. அமெரிக்காவோ நார்வே சால்மன் மீது தண்டவரி போட்டு வாசலைச் சாத்தியது.

மிச்சம் இருந்த பெரிய வாசல் ஜப்பான். உலகத்திலேயே மீனுக்கு அதிகம் செலவழிக்கும் மக்கள். ஆனால் அங்கே ஒரு சிக்கல்.

ஜப்பானியர்களுக்குச் சால்மன் புதிதல்ல. உப்பில் ஊறவைத்துச் சுட்டு, காலைச் சாப்பாட்டில் சோற்றோடு சாப்பிடுவார்கள். ஆனால் பச்சையாகச் சாப்பிட மாட்டார்கள். காரணம் மூட நம்பிக்கை இல்லை. பசிபிக் கடலில் பிடிக்கும் சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கும். பச்சையாகத் தின்றால் வயிற்றைத் துளைப்பது போல வலிக்கும். வடக்கே ஐனு மக்கள் மட்டும் அதைப் பனியில் உறைய வைத்து, உறைந்தபடியே சீவித் தின்பார்கள். உறைந்தால் புழு சாகும். அனுபவத்தில் கண்ட வழி.

சுட்டுத் தின்னும் மீனுக்கு விலை குறைவு. பச்சையாகச் சுஷிக்குப் போகும் மீனுக்குத்தான் பெருவிலை. நார்வேக்காரர்களுக்கு அது புரிந்திருந்தது. கூண்டு மீன் ஆலைத் தீனி தின்று வளர்வது. புழு இருக்கும் சிறு உயிர்களைத் தின்ன அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அது பச்சையாகத் தின்னத் தக்கது. 1985இல் நார்வேயின் மீன்வள அமைச்சர் தூர் லிஸ்தாவ் ஒரு குழுவோடு ஜப்பானுக்குப் போனார். அடுத்த ஆண்டு 'ஜப்பான் திட்டம்' என்றே பெயர் வைத்து வேலையைத் தொடங்கினார்கள்.

இறக்குமதியாளர்கள் கையை விரித்தார்கள். நிறம் சரியில்லை, வாடை சரியில்லை, தலை வடிவம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம். நம் ஊரில் வளர்ப்பு மீனைப் பற்றிச் சொல்கிற அதே 'மண் வாடை' பேச்சுதான். பல ஆண்டுகள் இழுத்தது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த பியோர்ன் எய்ரிக் ஓல்சன் கடைசியில் நிச்சிரெய் என்ற பெரிய உறைமீன் கம்பெனியிடம் ஒரு பேரம் பேசினார். 5,000 டன் சால்மனை மலிவாகத் தருகிறோம், ஒரே நிபந்தனை, இதைச் சுடும் மீனாக விற்கக் கூடாது, சுஷிக்கான பச்சை மீனாகத்தான் விற்க வேண்டும்.

பெயரிலும் கவனம் வைத்தார்கள். சுட்டுத் தின்னும் நாட்டு மீனுக்கு ஜப்பானியத்தில் 'ஸாகே' என்று பெயர். புது மீனை அந்தப் பெயரால் அழைக்காமல் 'சாமோன்' என்ற அந்நியச் சொல்லையே வழங்கினார்கள். புதுப் பெயர், புது மீன், பழைய பயம் இல்லை. அப்போதுதான் பெல்ட்டில் தட்டுகள் சுற்றி வரும் மலிவு சுஷிக் கடைகள் ஊரெங்கும் பெருகிக்கொண்டிருந்தன. குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு அந்தக் கொழுத்த, இளஞ்சிவப்பு மீன் பிடித்துப்போனது. இன்று அந்தக் கடைகளில் மக்கள் விரும்பும் மீன் எது என்று எடுக்கும் கணக்கெடுப்பில் ஆண்டுக்காண்டு முதலிடம் சால்மனுக்குத்தான்.

ஆக, ஜப்பானில் 'வளர்ப்பு' என்பது மீனுக்குக் கிடைத்த நற்சான்று. இயற்கை மீன் சுடுவதற்கு, வளர்ப்பு மீன் பச்சையாகத் தின்பதற்கு.

அதே ஆண்டுகளில் பசிபிக்கின் மறுகரையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அலாஸ்காவில் பிரிஸ்டல் விரிகுடா என்று ஓர் இடம். சாக்கை என்ற செந்நிறச் சால்மன் உலகிலேயே அதிகம் கிடைப்பது அங்கே. 1988இல் மீனவருக்குப் பவுண்டுக்கு இரண்டு டாலருக்கு மேல் கிடைத்தது. 2001இல் அரை டாலர்கூட இல்லை. இடையில் நார்வேயோடு சிலியும் கூண்டு மீனில் இறங்கிவிட்டது. ஆண்டு முழுவதும், ஒரே அளவில், பனிக்கட்டி போட்ட புது மீன் கடைக்கு வந்தது. அலாஸ்கா மீனோ கோடையில் சில வாரம்தான் வரும், பெரும்பாலும் டின்னில் அடைத்தோ உறைய வைத்தோதான் போகும். படகுக்குக் கடன் வாங்கியவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

அலாஸ்கா 1990இலேயே தன் எல்லைக்குள் மீன் வளர்ப்புக்குச் சட்டப்படி தடை போட்டிருந்தது. ஆனால் தடை எல்லைக்குள்தானே. கடையில் வாங்குபவரை எப்படித் தடுப்பது? அங்கேதான் 'இயற்கை மீன்' என்ற சொல்லே ஆயுதம் ஆனது. நல்ல நண்பன் தன் நண்பனை வளர்ப்பு சால்மன் தின்ன விடமாட்டான் என்ற பொருளில் ஸ்டிக்கர் அடித்து வண்டிகளின் பின்னால் ஒட்டினார்கள்.

அவர்கள் சொன்ன குற்றச்சாட்டுகள் பொய்யில்லை. ஒன்று, நிறம். கடலில் சால்மன் சிறு இறால் வகைகளைத் தின்பதால் சதை சிவக்கிறது. கூண்டு மீனுக்கு அந்த நிறமியைத் தீனியில் கலக்காவிட்டால் சதை வெளிறித்தான் இருக்கும். எவ்வளவு சிவப்பு வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க, பெயின்ட் கடை அட்டை மாதிரி ஒரு நிற அட்டையே இருந்தது. 2003இல் இதைச் சொல்லாமல் விற்றதற்காகப் பெரிய மளிகைக் கடைகள் மீது வழக்குப் போட்ட பிறகு, நிறம் சேர்த்தது என்று எழுதி வைக்கத் தொடங்கினார்கள். இரண்டு, நஞ்சு. 2004இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நாடுகளில் வாங்கிய மீன்களைச் சோதித்து, வளர்ப்பு சால்மனில், அதிலும் ஐரோப்பிய மீனில், பிசிபி என்ற வேதிப்பொருள் இயற்கை மீனைவிட அதிகம் என்றது. அரசின் உணவுத் துறை, அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது, சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம் என்றது. ஆனால் சொல் பரவிவிட்டது. மூன்று, மருந்து. நார்வே 1987இல் மீனுக்குச் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டியது. இதையும் சொல்ல வேண்டும், பிறகு மீனுக்குத் தடுப்பூசி வந்து பத்தே ஆண்டில் அது ஒரு டன் அளவுக்கு இறங்கிவிட்டது.

2002இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. மீன் எந்த நாட்டது, வளர்ப்பா இயற்கையா என்று கடைக்காரர் எழுதி வைத்தே ஆக வேண்டும். 2005இல் நடைமுறைக்கு வந்தது. நம் மாணவனிடம் சந்தையில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி அங்கே சட்டமாகவே ஆகிவிட்டது.

சரி, எழுதி வைத்தால் பொய் நின்றுவிடுமா? அதே 2005இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை நியூயார்க்கின் எட்டுக் கடைகளில் 'இயற்கை சால்மன்' என்று விற்றதை வாங்கிச் சோதனைக்கு அனுப்பியது. எட்டில் ஆறு கடைகளில் வளர்ப்பு மீன். நம் ஊர் வியாபாரியும் நியூயார்க் கடைக்காரரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது! எதற்கு விலை அதிகமோ அந்தப் பெயரைத்தான் பொய் போர்த்திக்கொள்ளும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அலாஸ்கா மீனவர்களில் ஒரு பகுதியினர் எதிராளியைத் திட்டுவதோடு நிற்காமல் எதிராளியிடம் பாடம் படித்தார்கள். 1983இலேயே ஜான் ரவ்லி என்ற ஆலோசகர் காப்பர் ஆற்று மீனவர்களிடம் போய், பிடித்த உடனே ரத்தத்தை வடியுங்கள், உடனே ஐஸில் வையுங்கள், டின்னுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த மீனைச் சியாட்டில் நகரின் நல்ல உணவகங்களுக்குக் கொண்டுபோனார். அதே ஆறு, அதே மீன், அதே வலை. பக்குவம்தான் மாறியது. இன்று ஒவ்வொரு மே மாதமும் முதல் காப்பர் ஆற்றுச் சால்மன் விமானத்தில் வந்து இறங்குவது அங்கே ஒரு திருவிழா. வளர்ப்பு மீன் வந்து தொல்லை கொடுத்த பிறகு, மற்ற பல ஆறுகளின் மீனவர்களும் இதே பக்குவத்துக்குத் திரும்பினார்கள்.

ஒரே மீன். ஜப்பானில் வளர்ப்பு உயர்ந்தது, அமெரிக்காவில் இயற்கை உயர்ந்தது. நாக்கு இரண்டு நாட்டிலும் ஒன்றுதானே? மாறியது பயம். அங்கே புழுவைப் பற்றிய பயம், இங்கே ரசாயனத்தைப் பற்றிய பயம். எந்தப் பயத்துக்கு எந்த மீன் மருந்தோ, அதற்கு மக்கள் கூடுதல் காசு கொடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. அலாஸ்காவின் 'இயற்கை' மீனில் கணிசமான பங்கு குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்தது. 1974இல் சட்டம் போட்டுப் பொரிப்பகங்கள் தொடங்கினார்கள். குஞ்சைக் கடலில் விடுவார்கள், அது தானே மேய்ந்து வளர்ந்து திரும்பி வரும். அது இயற்கையா, வளர்ப்பா? மறுபக்கம், கூண்டு மீனின் தீனியில் பெரு நாட்டுக் கடலில் பிடித்த நெத்திலியின் தூளும் எண்ணெயும். அது வளர்ப்பா, இயற்கையா? கோடு நாம் நினைப்பது போல நேராக இல்லை.

நம் ஊருக்கும் இது பொருந்தும். 'டேம் மீன், ஏரி மீன்' என்று நாம் விரும்பி வாங்கும் கட்லா காவிரியின் பிள்ளை இல்லை. 1920களில் சென்னை மாகாண மீன்துறை கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் தானாக முட்டையிடாது. அதனால் குஞ்சுக்கு ஆறுகளையே நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அவருடன் இருந்தவர்களும், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று ஏரியில் பிடிபடும் கட்லா பெரும்பாலும் அப்படிப் பொரித்து விட்ட குஞ்சுதான். எல்லாக் குளத்திலும் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்தது. பெயரில் ஜிலேபியைச் சேர்த்து நாம் அதை ஊர்க்காரன் ஆக்கிக்கொண்டோம்.

அதற்காக வளர்ப்பு எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். நாகப்பட்டினம் பக்கம் 1990களில் வயல்களை இறால் பண்ணை ஆக்கியபோது நிலமும் குடிநீரும் உப்பானதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரைப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இயற்கை எல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. இழுவலையில் கடலாமை சிக்கிச் சாகிறது என்று நம் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. நம் பண்ணையில் வளரும் வனாமி இறாலைத் தாராளமாக வாங்குகிறது. நார்வேயிலும் கூண்டிலிருந்து தப்பும் மீனும், கூண்டில் பெருகும் கடல் பேனும் ஆற்றுச் சால்மனை நலியவைத்து, 2021இல் அந்த இனம் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அணை கட்டி ஒருமுறை அழித்த மீனை, வளர்த்தும் ஒருமுறை நலிவிக்கிறோம்.

2022இல், உலக வரலாற்றில் முதல் முறையாக, பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமானது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. இனி நம் பேரப்பிள்ளைகளின் தட்டில் விழும் மீனில் பாதிக்கு மேல் வளர்ப்புதான் இருக்கும். அதனால் 'வளர்ப்பா, இயற்கையா' என்ற ஒற்றைக் கேள்வி போதாது. என்ன தீனி? எந்தத் தண்ணீர்? அந்தக் குட்டையால் பக்கத்து நிலத்துக்குக் கேடு உண்டா? எப்போது பிடித்தது, ஐஸில் வைத்தது எத்தனை நாள்? இவற்றைக் கேட்க வேண்டும். இரண்டு வகை மீனையும் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மாணவன் சொன்னான், "சார், ஜப்பான்காரனுக்குப் புழு பயம் இருந்துச்சு, நார்வேக்காரன் பொழைச்சான். நம்ம ஆளுங்களுக்கு என்ன பயம்?"

நல்ல கேள்வி. யோசித்துச் சொன்னேன். "பழைய மீன், மருந்து போட்ட மீன், இதுதான்ப்பா பயம். ஏரி மீன்னு கேக்குறவங்க உண்மையில கேக்குறது, இதை நம்பலாமான்னுதான். உன் மீனு காலையில புடிச்சது. என்ன தீனி போட்டேன்னு உனக்குத் தெரியும். ஏரி மீன் விக்கிறவருக்கு அது தெரியாது. அதை ஏன் மறைக்கிற? எழுதி வை."

போகும்போது வாசலில் நின்று, "தீனியில மீன்தூள் இருக்கே சார், அதையும் எழுதணுமா?" என்றான். எழுது என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மதியம் வீட்டில் விரால் குழம்பு. ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் ஏரி மீன் ஏரி மீன்தான் அண்ணே" என்றான். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்று காலையில்தானே பாடம் நடத்தினேன்.

நேற்று மாணவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடை முன்னால் கரும்பலகை. சுண்ணக்கட்டியில் அவன் கையெழுத்து, இன்னும் கோணல்தான். 'வளர்ப்பு விரால். இன்று காலை 5 மணிக்குப் பிடித்தது. குட்டையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.'

வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "வளர்ப்புன்னு படிச்சிட்டுப் போறவங்க போறாங்க சார். ஆனா நேத்து மூணு பேரு குட்டையைப் பாக்க வந்தாங்க" என்று பதில் வந்தது.

உங்கள் ஊர்ச் சந்தையில் எப்படி? மீன் வாங்கும்போது நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி எது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், படிக்கிறேன்.